கரைவழி: பல்லாவரத்திலிருந்து மணிமங்கலம் வரை

பல்லாவரத்துச் சரளைக்கு வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபுட், இங்கிருந்த ராணுவ அணிவகுப்புத் திடலருகே ஒரு சரளைக் குழியில் மனிதக் கை செதுக்கிய கல்லொன்றைக் கண்டெடுத்தார். பழைய கற்கால மனிதர்கள் இந்தியாவில் வாழ்ந்ததற்குக் கிடைத்த முதல் சான்று அது. அந்தச் செந்நிறச் சரளையை இன்று ஒப்பந்தக்காரர்களும் லாரிக்காரர்களும் கிராவல் என்கிறார்கள். ஆனால் கிராவல் மேல் சைக்கிள் ஓட்டும் ஆசையோடு பல்லாவரம் ரயில் நிலையத்தில் ஒருவர் இறங்கினால், எதிரே ஜிஎஸ்டி சாலைதான் இரைந்துகொண்டிருக்கும். கிழக்கே திரும்பினால் துரைப்பாக்கம் போகும் இருநூறடி ரேடியல் சாலை. மேற்கே பம்மல் போகும் தெருவில் ஆட்டோவுக்கே இடமில்லை. சைக்கிளை அவர் மறுபடி ரயிலில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார் என்றே தோன்றும். அவர் அவசரப்பட வேண்டாம் என்பதே என் கட்சி. தென்சென்னைப் புறநகரில் மோட்டார் வண்டி வராத பாதையைப் புதிதாகப் போடத் தேவையே இல்லை. ஏரிக்கரைகளாக அது ஏற்கெனவே கிடக்கிறது, துண்டு துண்டாக. அந்தத் துண்டுகள் எங்கே இணையாமல் நிற்கின்றன என்று பார்த்துக்கொண்டே போனால், ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் எங்கே வழி தெரியாமல் வீடுகளுக்குள் நுழைகிறது என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

கிராவல் சைக்கிள் ஓட்டம் என்பது இப்போது உலகெங்கும் பரவிவிட்ட ஒரு பழக்கம். 2022 முதல் அதற்கு உலகப் போட்டியே நடக்கிறது. போட்டியை விட எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பாதைகள் எங்கிருந்து வந்தன என்பது. இத்தாலியில் கையோலே என்ற ஊரில் 1997இல் தொடங்கிய லெரோய்க்கா ஓட்டத்தின் நோக்கமே, டஸ்கனியின் வெள்ளைச் சரளைச் சாலைகள் மேல் தார் ஊற்றிவிடாமல் காப்பதுதான். அயர்லாந்தில் கப்பல் போக்குவரத்து நின்றுபோன ராயல் கால்வாயின் கரை, 2021இல் 130 கிலோமீட்டர் நீளச் சைக்கிள் பாதையாகத் திறக்கப்பட்டது. வட இங்கிலாந்தின் கீல்டர் நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஏறத்தாழ 42 கிலோமீட்டருக்கு ஒரு சரளைத் தடம் ஓடுகிறது. இவற்றில் முதல் இரண்டும் சைக்கிளுக்காகப் போட்ட பாதைகளே அல்ல. மாட்டு வண்டிக்கும் படகு இழுத்த குதிரைக்கும் போட்டவை. காலம் கைவிட்ட பிறகு சைக்கிள்காரர் கைக்கு வந்தவை. அப்படிக் கைவிடப்பட்ட தடம் நம்மிடம் எது என்று கேட்டால், செங்கல்பட்டுச் சீமையைப் பொறுத்தவரை பதில் ஒன்றுதான்: ஏரிக்கரை.

ஏரிக்கரையின் அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டு ஏரிப் பாதைகளை அப்படியே இங்கே வரைய முடியாது. நம் ஏரிக்குக் கரை ஒரு பக்கம்தான். சரிந்து வரும் நிலத்தைப் பிறை வடிவில் மறித்து மண் கொட்டி எழுப்பியது அது. எதிர்ப்பக்கம் நிலமே மெல்ல மேடேறிப் போகும். அங்கே கரையும் இல்லை, பாதையும் இல்லை. ஆகவே ஏரியைச் சுற்றி வருவது என்ற எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். கரையின் ஒரு முனையில் ஏறி, மதகுகளைத் தாண்டி, மறுமுனையில் கலங்கல் பக்கம் இறங்குவதுதான் இயல்பான பயணம். கலங்கலில் வழிந்த நீர் போக்குக் கால்வாயில் இறங்கி அடுத்த ஏரிக்கு வரத்துக் கால்வாயாகப் போகிறது. அந்தக் கால்வாய்க்கும் கரை உண்டு. நீர் போகும் வழியே சக்கரமும் போனால் அடுத்த ஏரியின் உள்வாயில் போய் நிற்கலாம். ஏற்றம் இறக்கம் கிட்டத்தட்டக் கிடையாது. ஓர் ஏரியிலிருந்து அடுத்ததற்குச் சில அடிகளே பள்ளம். கரையின் மேற்பரப்பு மண்ணும் சரளையும், உட்சரிவில் அலை அரிக்காமல் பாவிய கல், வெளிச்சரிவில் பனை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பத்துப் பதினைந்து அடி கீழே ஆயக்கட்டு வயல், அல்லது வயலாக இருந்த இடம். பல்லாவரத்துக் குன்றில் ஐந்து அறைகள் கொண்ட குகைக் கோயிலைக் (அது பின்னால் தர்காவாகிவிட்டது) குடைவித்த பல்லவ மன்னன் மகேந்திரவர்மன்தான் மகேந்திரவாடியில் ஏரி எடுப்பித்து அதன் அருகே இன்னொரு குகைக் கோயிலையும் குடைவித்தான். இந்தக் கரைகளின் வயது அப்படி.

முதலில் கிழக்கே போவோம். ஜிஎஸ்டி சாலையும் ரயில் பாதையும் ஏறத்தாழ ஒரு நீர் பிரிமேட்டின் மேல் ஓடுகின்றன. அதற்குக் கிழக்கே விழும் மழை பெரும்பாலும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கும், மேற்கே விழுவது அடையாற்றுக்கும் போகும். கிழக்குச் சங்கிலியின் தலையில் இருப்பது பல்லாவரம் பெரிய ஏரி. அங்கிருந்து கீழ்க்கட்டளை, பிறகு நாராயணபுரம், அதன் பிறகு சதுப்பு நிலம் என்பது நீரின் வரிசை. வரைபடத்தில் விரல் வைத்து இழுத்தால் இதைவிட அழகான காலைநேரச் சைக்கிள் தடம் கிடையாது. களத்தில் நடப்பது வேறு. பெரிய ஏரியை அந்த இருநூறடிச் சாலையே இரண்டாக வகுந்துகொண்டு போகிறது. பிளந்த ஏரியில் பல ஆண்டுகள் ஊர்க் குப்பையைக் கொட்டினார்கள். மிச்சத்தை ஆகாயத்தாமரை மூடியது. பிறகு தூர்வாரினார்கள், நடைபாதை போட்டார்கள். ஆனால் போன கரை போனதுதான். சைக்கிள்காரர் ஏரியின் ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்குப் போக ஆறு வழிச் சாலையைக் கடந்தாக வேண்டும். தண்ணீர் அந்தச் சாலைக்கு அடியில் குழாய் வழியாகப் போய்க்கொள்ள வேண்டும், போனால்.

இதே பிரிமேட்டுக்குக் கிழக்கே, கொஞ்சம் தெற்கில், இன்னொரு கிளை: சிட்லபாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், மறுபடி கீழ்க்கட்டளை. சிட்லபாக்கத்து மக்கள் தாமே இறங்கி ஏரியைச் சுத்தம் செய்ததும், அதன் பின் 2019இல் அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கியதும் நாளிதழ்களில் நிறைய வந்த செய்திகள். செம்பாக்கம் ஏரியைத் தொண்டு நிறுவனங்களும் ஐஐடியும் சேர்ந்து சீரமைக்கும் வேலை நடந்தது. இரண்டும் பாராட்ட வேண்டிய காரியங்கள். குப்பை மேட்டுக்குப் பூங்கா எவ்வளவோ மேல். இருந்தாலும் ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். நம் ஊரில் ஏரியைச் சீரமைப்பது என்றாலே சிமென்ட் கல் பதித்த நடைபாதை, கைப்பிடிக் கம்பி, விளக்குக் கம்பம், பூட்டுப் போட்ட கதவு, செல்ஃபி எடுக்க ஊர் பெயரை ஆங்கிலத்தில் எழுதி வைத்த ஒரு மேடை என்று ஆகிவிட்டது. சுற்றிச் சுற்றி நடந்து புறப்பட்ட இடத்துக்கே வரும் பாதை அது. அடுத்த ஏரிக்குப் போகும் வழி அதில் இருக்காது. ஒவ்வொரு ஏரியும் தனித்தனி மதிப்பீடு, தனித்தனி ஒப்பந்தம், தனித்தனித் திறப்பு விழா. இடையில் உள்ள கால்வாய்க்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை.

சைக்கிளும் தண்ணீரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன என்று நான் சொல்வது இதனால்தான். தற்செயல் ஒற்றுமை, இதில் போய் என்ன கண்டுபிடிப்பு என்று கேட்கலாம். தற்செயல் இல்லை. இரண்டும் ஒரே மட்டக்கோட்டை ஒட்டி, ஒரே கால்வாய்க் கரையில், ஒரே புறம்போக்கு நிலத்தில் போக வேண்டியவை. கால்வாய்க் கரையில் வீட்டு மதில் வந்தால் சைக்கிள் தெருவுக்கு இறங்குகிறது. அதே மதில் கால்வாயை நெருக்கும்போது நீரும் தெருவுக்கு இறங்குகிறது. வேளச்சேரி–தாம்பரம் சாலையில் செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் கரைவழி எங்கெங்கே அறுகிறது என்று ஒருவர் குறித்துக்கொண்டு, மழைக்காலத்தில் அந்த இடங்களைப் போய்ப் பார்க்கட்டும். மேற்கே முடிச்சூரும் வரதராஜபுரமும் 2015 டிசம்பர் வெள்ளத்தில் பட்ட பாடு எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த நகர்கள் எழுந்தது அடையாற்றுக்கும் ஏரிக்கும் இடையில், நீர் நடமாட விட்டிருந்த தாழ்நிலத்தில். வெள்ளத் தடுப்பு அறிக்கைகளைப் படிக்கும் பொறுமை இல்லாத குடிமகனுக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சைக்கிளில் கரைவழி போய்ப் பார்ப்பது அவற்றில் பாதியைச் சொல்லிக் கொடுத்துவிடும்.

மேற்குப் பக்கம் நிலைமை இன்னும் கைமீறவில்லை. பம்மல் தாண்டி அனகாபுத்தூர். நெசவுக்குப் பேர் போன ஊர், அடையாறு அதை ஒட்டிப் போகிறது. அடுத்துத் திருநீர்மலை. குன்றைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததால் திருமங்கையாழ்வார் நெருங்க முடியாமல் ஆறு மாதம் காத்திருந்தார் என்கிறது தலவரலாறு. ஐதிகம்தான், ஆனாலும் மலை மேலிருந்து நாலாபுறமும் பார்த்தால் ஆழ்வாருக்காகப் பரிந்து பேசத் தோன்றும், ஏரியும் ஆறும் தாழ்நிலமும் அப்படி வளைத்துக்கொண்டு கிடக்கின்றன. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர்க் கால்வாய் அடையாற்றில் சேர்வதும் இந்த வட்டாரத்தில்தான். 2015க்குப் பிறகு அடையாற்றை அகலப்படுத்திக் கரைகளை உயர்த்தினார்கள். அந்தப் புதிய கரைகள் கிராவல் பாதைக்கு வாகானவை, யாரும் அந்த எண்ணத்தோடு கட்டவில்லை என்றாலும். அங்கிருந்து சேக்கிழார் பிறந்த குன்றத்தூர். அதைத் தாண்டினால் செம்பரம்பாக்கம்: 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு, கிட்டத்தட்ட ஒன்பது கிலோமீட்டர் நீளக் கரை. ஐந்து கண் மதகு, பத்தொன்பது கண் மதகு என்று ஊர்க்காரர்கள் வழி சொல்வார்கள். சென்னையின் குடிநீர் என்பதாலும், 2015இல் விநாடிக்கு 29,000 கன அடி நீரைத் திறந்துவிட்ட அணை என்பதாலும் இங்கே காவல் அதிகம். வெள்ளக் காலத்தில் கரைமேல் யாரையும் விடமாட்டார்கள். அது நியாயம். கரைவழிப் பாதைக்கு ஆதரவு தேடுபவர்கள் முதல் உதாரணமாகச் செம்பரம்பாக்கத்தைப் பிடித்துக்கொள்ளாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

என் உதாரணம் மணிமங்கலம். சோமங்கலம் வழியாகவும் வரலாம், முடிச்சூர் வழியாகவும் வரலாம். மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் கூடித்தான் அடையாறு என்று பெயர் பெறுகிறது. முதலாம் நரசிம்மவர்மன் இரண்டாம் புலிகேசியை முறியடித்த களங்களில் ஒன்று இந்த ஊர் என்று பல்லவர் செப்பேடு சொல்கிறது. ஆனால் நான் இதைத் தேர்வது அதற்காக அல்ல. 2017 மார்ச்சில் தமிழக அரசு 100 கோடி ரூபாயில் குடிமராமத்துத் திட்டத்தைத் தொடங்கியது இந்த ஏரிக்கரையில்தான். குடிமராமத்து என்பது ஊரார் தம் உழைப்பால் கரையையும் கால்வாயையும் ஆண்டுதோறும் செப்பனிடும் பழைய வழக்கம். உத்திரமேரூரில் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு குறிப்பிடும் ஏரி வாரியத்தின் வேலையும் கிட்டத்தட்ட இதுவே. வழக்கம் செத்ததற்குக் காரணம் சோம்பல் என்று சொல்வது சுலபம். உண்மைக் காரணம், கரைமேல் போக யாருக்கும் வேலை இல்லாமல் போனது. ஆயக்கட்டு மனையானால், வயலுக்கு நீர் பாய்ச்சும் நீர்க்கட்டிக்கு என்ன வேலை? மடை திறக்கப் போகிறவர் இல்லை, மாடு ஓட்டிப் போகிறவர் குறைந்தார், கரையை வேலிக்காத்தான் மூடியது. மனிதக் காலடி படாத கரையில் எலி வளை போட்டாலும் தெரியாது, மண் சரிந்தாலும் தெரியாது. பெருமழையில் உடையும்போதுதான் தெரியும்.

அங்கேதான் கிராவலுக்கு வேலை. நன்றாக இறுக்கிய சரளைப் பரப்பு மழைநீரைச் சரிவுக்கு விட்டுவிடும், சேறாகாது. வெள்ள நேரத்தில் மணல் மூட்டை ஏற்றிய வண்டி அதன்மேல் போக முடியும். முக்கியமாக, அது எதையும் மறைக்காது. கீழே மண் இறங்கினால் மேலே பள்ளம் விழும். விரிசல் கண்டால் மறுநாளே கண்ணில் படும். சிமென்ட் பலகை அப்படியல்ல. அடியில் மண் கரைந்து வெற்றிடமான பின்னும் அது பாலம்போல விறைத்து நிற்கும். கரை ஆய்வுக்கு வரும் பொறியாளருக்கு எது உதவும் என்று அவரையே கேட்கலாம். செலவிலும் ஒப்பீடே இல்லை. சரளையை ஊராட்சிப் பணியாளர்களே கொட்டிச் சமன் செய்துவிடலாம். இவ்வளவு எளிதாக இருப்பதுதான் அதன் பெரிய குறையோ என்னவோ, ஒப்பந்தத்தில் லாபம் நிற்காது.

சைக்கிள் விட்டால் பின்னாலேயே பைக் வரும் என்பார்கள். வரும், சந்தேகமில்லை. ஒரு முனையில் குறுக்குக் கம்பி நட்டால் நாலு நாளில் அதன் பக்கத்தில் இன்னொரு வழி பிறந்துவிடும். ஆனால் கரையைச் சிதைப்பது யார் என்று பார்த்தால் பைக் ஓட்டுபவர்கூட இரண்டாம் பட்சம். ஏரிக்குள் சவுடு மண் அள்ளிக்கொண்டு கரைமேல் ஏறி இறங்கும் லாரிதான் முதல் எதிரி. பத்து டன், பதினைந்து டன் பாரம் போகிற கரையில் பதினைந்து கிலோ சைக்கிளைத் தடுப்பதில் பொருள் இல்லை. ஆள் நடமாட்டமுள்ள கரையில் இரவு லாரி ஏறக் கொஞ்சமாவது கூச்சப்படும். காலையில் சக்கரத் தடத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க நாலு பேர் இருப்பார்கள்.

இது பணக்காரர் விளையாட்டு என்ற குற்றச்சாட்டை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இறக்குமதிக் கிராவல் சைக்கிள் ஒன்றின் விலை லட்சத்தைத் தாண்டுகிறது. அதை ஓட்டுபவருக்கு வசதியாக ஆடு மேய்ப்பவரை விரட்டும் பாதை வந்தால், அந்தப் பாதையே வேண்டாம். ஆனால் விஷயத்தை டயரிலிருந்து பார்க்க வேண்டும். கிராவல் சைக்கிள் என்று தனியாக விற்பதன் சிறப்பு, சாலைச் சைக்கிளைவிட அகலமான டயர். நாற்பது மில்லிமீட்டர் வாக்கில். 1949இல் தொடங்கிய அம்பத்தூர் டிஐ நிறுவனம் ஹெர்குலிஸ் என்ற பெயரில் செய்து தந்த 28 அங்குலக் கறுப்பு வண்டி இருக்கிறதே, பால்காரரும் தபால்காரரும் ஓட்டியது, அதன் டயர் அகலம் ஒன்றரை அங்குலம். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட அதே நாற்பதுக்குத்தான் வருகிறது. மண் ரோட்டுக்கென்றே அமைந்த வண்டி அது. நம்மவர்கள் பெயர் தெரியாமலேயே மூன்று தலைமுறை கிராவல் ஓட்டியிருக்கிறார்கள். அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு, வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர் லாரிக்கு ஒதுங்கி ஓட்டுவதைவிடக் கரைவழி நல்லதா இல்லையா என்பதே சரியான கேள்வி. சைக்கிள் கிளப்காரர் அந்தப் பிள்ளைக்குப் பின்னால் வரட்டும்.

பெண்களின் பாதுகாப்பு குறித்த தயக்கத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. மாலையானால் பல கரைகள் பாட்டில்களின் ராஜ்ஜியம். நடமாட்டம் கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வது பாதி உண்மைதான். ஒவ்வொரு மதகிலும் ஊருக்கு இறங்கும் வழி இருக்க வேண்டும், இருட்டுக்கு முன் பாதையை மூட வேண்டும், அப்போதும் தனியாகப் போகத் தயங்குபவர்கள் இருப்பார்கள். விளக்கு போடு என்பதை மட்டும் ஏற்க முடியாது. இரவு தங்கும் நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் அந்த ஏரிகளே வீடு. பறவைகளைக் கருதி, 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணையின் 1,247 ஹெக்டேரைக் கரைவழிக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது என்பேன். நாராயணபுரத்தோடு சைக்கிள் நிற்கட்டும். ஆக்கிரமிப்பு விவகாரம் இன்னும் சிக்கல். 2007ஆம் ஆண்டின் ஏரிப் பாதுகாப்புச் சட்டம் கையில் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் குடிசை மேல்தான் பாய்கிறது, ஏரிக்குள் எழும்பிய அரசு அலுவலகமும் அகலச் சாலையும் அசையாமல் நிற்கின்றன. பாதை கேட்பவர்கள் அந்த இடிப்புக்குச் சாக்காகிவிடக் கூடாது. மேற்கில் இப்போதே தொடங்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்: மணிமங்கலம் பக்கம் இன்னும் யாரையும் எழுப்பிவிடாமல் கால்வாய்க் கரையை மீட்கலாம். பத்து வருடம் கழித்து முடியாது.

யாரிடம் கேட்பது என்பதுதான் உண்மையான தடை. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறையுடையது. அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். 2021இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கியபோது பல்லாவரமும் சிட்லபாக்கமும் மாடம்பாக்கமும் ஒரே குடைக்கு வந்தன. மணிமங்கலம் வரவில்லை. சங்கிலி ஒன்று, சாவி நாலு பேரிடம். ஆகவே முதல் கோரிக்கை சின்னதாக இருப்பது நல்லது: மணிமங்கலம் கலங்கலிலிருந்து அடையாறு வரையுள்ள கால்வாய்க் கரையை வேலிக்காத்தான் வெட்டிச் சரளை போட்டுத் தருவது, மழைக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் அதைச் செப்பனிடுவது. வெட்டிய முள்ளை அங்கேயே போட்டுவிட்டுப் போகாமல் அள்ளிக்கொண்டும் போக வேண்டும். அந்த முள் ஒன்று போதும், ஹெர்குலிஸ் டயரும் தாங்காது, லட்ச ரூபாய் டயரும் தாங்காது. போக நினைப்பவர்களுக்குத் தை, மாசி தோது. ஏரி நிறைந்திருக்கும், கரை காய்ந்திருக்கும், வெயில் ஏற எட்டரை மணி ஆகும். பஞ்சர் ஒட்டும் சாமான் கையில் இருக்கட்டும்.